மூணாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஏழு அணிந்துரைகள்

ஒரகடத்தில் இலக்கியம் வளர வேண்டும் என்று முதன்முதலில் முடிவெடுத்தவர் லேபர் கான்ட்ராக்டர் டில்லிபாபு. அதற்கு முன்பு அங்கே நெல்லும் வேர்க்கடலையும் வளர்ந்துகொண்டிருந்தன. அந்த நிலங்களையெல்லாம் கம்பெனிகளுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவரே என்பதால், காலியான இடத்தில் எதையாவது வளர்த்தாக வேண்டும் என்று அவர் மனசாட்சி உறுத்தியிருக்கலாம். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புவது, அந்த ஆட்களை ஏற்றிப்போக வேன் விடுவது, அவர்களுக்குச் சோறு போட மெஸ் நடத்துவது என்ற தொழில்களுக்கு நடுவே, 2002ஆம் வருஷம் 'ஒரகடம் வட்டாரத் தொழிலகத் தமிழ்ப் படைப்பாளர் பேரவை'யைத் தொடங்கினார். தொடங்கிய அன்றே பேரவை கூடி, தன் தலைவருக்குப் 'பைந்தமிழ்ப் பாதுகாவலர்' என்று பட்டம் கொடுத்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் மெஸ் மேனேஜர். வழிமொழிந்தவர் வேன் டிரைவர்.

பேரவையின் வேலை கூட்டம் போடுவது. அழைப்பிதழ் அடித்தால் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நோக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பேருரை என்று ஆளுக்கொரு உரை கிடைத்துவிடும். முன்னிலை என்றால் மேடையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. அதற்குத்தான் அடிதடி. ஏனென்றால் பேச வேண்டிய கஷ்டமில்லாமல் போட்டோவோடு பெயர் வந்துவிடும். கேட்க ஆள் வேண்டுமே என்ற கவலையும் பேரவைக்கு இருந்ததில்லை. ஷிப்ட் முடிந்து கிளம்பும் டில்லிபாபுவின் வேன்கள் அன்றைக்கு மட்டும் நேராகக் கல்யாண மண்டபத்துக்கு வந்து நிற்கும். நன்றியுரை முடிந்தால்தான் வண்டி எடுப்பார்கள். இலக்கியத்துக்கு இவ்வளவு நிறைந்த அவை சென்னையில்கூட அமைந்ததில்லை என்று வந்து பேசியவர்கள் எல்லாரும் வியந்துவிட்டுப் போனார்கள்.

இப்படிப்பட்ட பேரவைக்குள் மாரிராஜ் தன் காலாலேயே நடந்து போய்ச் சேர்ந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டு, கார் கதவுகளுக்குத் தகடு அழுத்தித் தரும் கம்பெனி ஒன்றின் பிரஸ் ஷாப்பில் ட்ரெய்னியாக இருந்தான். சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையில் எட்டுப் பேர் வாடகைக்கு இருந்தார்கள். பாதிப் பேர் வேலைக்குப் போனால்தான் மீதிப் பேர் காலை நீட்டலாம். அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து அவன் நாவல் எழுதினான். அதில் நிலவு காய்ந்தது, ஆறு சலசலத்தது, கதாநாயகி ஒருத்தி பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விட்டாள். அவன் ஆற்றைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்படிப் பெருமூச்சு விடுகிற பெண்ணை அவன் பார்த்ததே கிடையாது.

பேரவை தொடங்கிய அடுத்த வருஷம் அறைத்தோழன் யாக்கோபுவுக்குக் கோலாலம்பூரிலிருந்து சித்தி மகன் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு பக்கம் அமெரிக்கக் கறுப்பர்கள். மறுபக்கம் மலேசியத் தமிழ்ப் பையன்கள். இதற்குப் பெயர் ஹிப்-ஹாப் என்று யாக்கோபு சொன்னான். மாரிராஜோடு ஒரே ஊரிலிருந்து வந்து, ஒரே பிரஸ்ஸில் எதிரெதிர் ஷிப்ட் பார்த்த இசக்கி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறதே, இதில் பாட்டு எங்கே வருகிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாரிராஜுக்குத் தூக்கம் போயிற்று. அதில் பாடியவன் எடுத்த எடுப்பிலேயே தன் பெயரைச் சொன்னான். அடுத்து தன் தெருவைச் சொன்னான். அடுத்து தன்னை அடித்த போலீஸ்காரனின் பெயரைச் சொன்னான். பக்கவாட்டில் பார்க்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், மூச்சு இருக்கும்வரை சொன்னான். மூச்சு முட்டினால் திரும்பவும் தன் பெயருக்கு வந்தான். கதையில் வருகிற ஊருக்கு 'ஓர் ஊர்' என்றும், கெட்டவனுக்கு 'அந்தப் பெரிய மனிதர்' என்றும் பெயர் வைத்துப் பழகியிருந்த மாரிராஜுக்கு, இப்படியும் செய்யலாம் என்பது பயமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த வாரமே நிலவையும் ஆற்றையும் கிழித்துப் போட்டான். கதாநாயகியும் அதோடு போனாள்.

அப்புறம் அவன் போக்கே மாறிவிட்டது. இரண்டு பேர் நுழையக்கூடிய பேன்ட் ஒன்றைப் பல்லாவரம் சந்தையில் வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தான். தொப்பியைத் திருப்பிப் போட்டான். மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராக இருந்தால் முன்பெல்லாம் பேசாமல் குடித்துவிட்டுப் போகிறவன், இப்போது அதைத் தாளம் தப்பாமல் ஊருக்கே அறிவித்தான். பிரஸ் இறங்கி ஏறுகிற சத்தத்தில் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தான். இறங்கும்போது ஒரு சொல், ஏறும்போது ஒரு மூச்சு. நாவலுக்கு 'மூணாம் நம்பர் பிரஸ்' என்று பெயர் வைத்து, "எம் பேரு மாரிராஜ்" என்று ஆரம்பித்தான். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் எழுத்து ஓடியது, அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாவலைப் பாதி எழுதியிருந்தபோது இசக்கியின் விரல்கள் போயின. அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையால் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் அது இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் ஒரு பட்டனை அமுக்கியபடியே டேப் ஒட்டிவிட்டால் ஒரு கை மிச்சமாகும். மிச்சமான கை தகட்டை எடுத்து வைக்கும். டார்கெட் எகிறும். சூப்பர்வைசர் வனமாமலை டேப்பைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். இசக்கிக்கு வலது கையில் நடுவிலிருந்த மூன்று விரல்கள் போய், கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. கம்பெனி வாசலில், விபத்தில்லாமல் கழிந்த நாட்களை எண்ணுகிற பெரிய பலகை உண்டு. மறுநாள் காலையில் அந்த எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. விசாரித்ததில், சம்பவத்தன்று இசக்கி விடுப்பில் இருந்ததாகத் தெரியவந்தது. இசக்கிக்கே அது அப்போதுதான் தெரியும். அவன் ஊருக்குப் போய் ஒரு பெட்ரோல் பங்கில் இடது கையால் வண்டிகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து மாரிராஜுக்கு அந்த நாவலில் ஆறாம் அத்தியாயம் ஒன்றுதான் முக்கியம். இசக்கி, அவன் ஊர், பிரஸ்ஸின் நம்பர், டேப், டேப்பை ஒட்டிய ஆள். எல்லாம் அச்சில், பெயரோடு வர வேண்டும். வேறெங்கும் அது எழுதப்படவில்லை, இனி எழுதப்படப்போவதும் இல்லை. சென்னைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அப்போதுதான் பேரவை, கம்பெனிகளின் ஆதரவோடு தொழிலாளர் எழுதும் புத்தகங்களை அச்சிட்டு எல்லாத் தொழிலாளிக்கும் இலவசமாகக் கொடுக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டியது. ஆதரவுக் கம்பெனிகளில் அவனுடைய கம்பெனியும் ஒன்று. மாரிராஜ் யோசித்தான். பேரவையில் இதுவரை யாரும் எதையும் படித்ததாகத் தகவல் இல்லை. படிக்காமலே அச்சடித்துவிடுவார்கள். லைனில் இருக்கிற அத்தனை பேர் கைக்கும் இசக்கி போய்ச் சேர்ந்துவிடுவான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மாரிராஜ் கொண்டுபோன கையெழுத்துப் பிரதிக் கட்டை டில்லிபாபு கையில் வாங்கி எடை பார்த்தார்.

"நல்லா வெயிட்டாதான் கீது. இன்னாபா, நம்ம மெஸ் சாம்பாரப் பத்திப் பாட்டு கட்டிகினு கீற பையன் நீதானே? பரவால்ல, எழுத்தாளன்னா வாயி இருக்கணும். நான் இத படிக்க மாட்டேன், தப்பா நெனச்சிக்காத. தலைவரு ஒக்காந்து படிச்சிகினு இருந்தா இன்னா நெனைப்பானுங்கோ? தலைவருக்கு வேலவெட்டி இல்லன்னு நெனைப்பானுங்கோ. ஏழு அணிந்துரை வாங்கிடலாம். மினிமம் ஏழு. அதுக்குக் கொறஞ்சா புக்குக்கு மரியாதை இல்ல."

அணிந்துரைகள் வரிசையாக வந்தன. முதலாமவர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, அச்சகத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் அரிய படைப்பு என்று எழுதினார். அவருக்குத் தெரிந்த பிரஸ் அதுதான். இரண்டாமவர் முதல் அணிந்துரையைப் படித்துவிட்டு, காகிதத்தின் கண்ணீரை இப்படி யாரும் பாடியதில்லை என்றார். மூன்றாமவர் காகிதம் மரத்திலிருந்து வருவதை நினைவூட்டி, காடுகளின் அழிவைக் கண்டித்தார். ஐந்தாமவர் இது வனவிலங்குகள் பற்றிய நாவல் என்று முடிவுக்கு வந்திருந்தார். ஏழாவது டில்லிபாபுவே. நாவலாசிரியரைத் தாம் சிறு வயதிலிருந்தே அறிவதாகவும், ஆனால் தம்மைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் தொடங்கி, அந்த வேலையைப் பதினெட்டுப் பக்கத்தில் முடித்திருந்தார்.

நாவலின் உள்ளே போகத் துணிந்தவர் புலவர் ரத்தினம் ஒருவர்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பேரவையின் மொழிக்காப்புக் குழுவுக்குத் தலைவர், அதன் ஒரே உறுப்பினரும் அவர்தான். சிவப்பு மையோடு இறங்கினார். 'ஷிப்ட்' சுழற்பணி ஆயிற்று. 'ஓ.டி.' மிகைநேர உழைப்பாயிற்று. 'லேய்' என்று வந்த இடமெல்லாம் 'நண்பா' ஆயிற்று. பஜ்ஜிக்கு மட்டும் தமிழ்ச் சொல் அகப்படாமல் இரண்டு நாள் தவித்து, பிறகு அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார்.

"தம்பி, தாங்கள் ஒரே பெயரையும் ஒரே சொற்றொடரையும் மீண்டும் மீண்டும் எழுதியுள்ளீர்கள். கூறியது கூறல் குற்றம்" என்றார். அது பாட்டில் வருகிற மாதிரி, மூச்சுக்காக வருவது என்று மாரிராஜ் விளக்கப் பார்த்தான். கேசட்டைப் பற்றியும் சொன்னான். புலவர் காதைப் பொத்திக்கொண்டு, கூறியது கூறல் குற்றம் என்று மறுபடியும் கூறினார். படைப்பாளி தன் பெயரைத் தானே சொல்வது தற்புகழ்ச்சி, அதுவும் குற்றம் என்றார். பிறகு தமிழுக்குத் தாம் ஆற்றிய பணிகளைச் சாப்பாட்டு நேரம்வரை எடுத்துச் சொன்னார். எழுந்து போகும்போது, மறந்துவிடக் கூடாது என்று, கூறியது கூறல் குற்றம் என்பதை மூன்றாவது தடவையும் கூறினார்.

மாரிராஜ் ஒவ்வொன்றாக விட்டுக் கொடுத்தான். தலைப்பைக் கேட்டார்கள், கொடுத்தான். அது 'இரும்பில் பூத்த இதயம்' ஆனது. "எம் பேரு மாரிராஜ்" என்ற முதல் வரியைக் கேட்டார்கள், அதையும் கொடுத்தான். அந்த இடத்தில் நிலவு வந்து உட்கார்ந்தது. தாளம் போயிற்று, மூச்சு போயிற்று. கேசட்டைப் போட்டுக் கேட்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கறுப்பன் இவனை எதிரில் வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி இருக்கும். ஆனால் பதிலுக்கு ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தான். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன் என்று புலவர் தமிழ் மேல் ஆணையிட்டுச் சொன்னார். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த ஆணையை அவர் மீறவில்லை.

வெளியீட்டு விழா 2005இல், ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. அச்சான புத்தகத்தை விழாவுக்கு முன்னால் எழுதியவன்கூடப் பார்க்கக் கூடாது என்பது பேரவை வழக்கம். வண்ணத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, மேடையில்தான் பிரிப்பார்கள். மாரிராஜ் போன் போட்டு வரச் சொன்னதில் இசக்கி ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். மண்டபம் முழுக்க ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள், கிரீஸ் வாடையோடு, பாதி தூக்கத்தில். மேடையில் பதினான்கு பேர். வனமாமலைக்கு இடையில் பதவி உயர்ந்திருந்தது. அவர் முன்னிலை.

பேசினார்கள். ஒருவர் காட்டு யானைகளுக்காகக் குரல் தழுதழுத்தார். டில்லிபாபு மைக் பிடித்ததும் அவர் தமிழ் அடியோடு மாறிவிடும்.

"பெருமக்களே, இந்தத் தம்பி ராப்பு ராப்பு என்று ஏதோ அந்நிய இசையில் மயங்கிக் கிடந்தான். அது நம்மிடமிருந்து போனது என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். அமெரிக்காவுக்குத் தாளம் கொடுத்தவன் தமிழன். வேன் கொடுத்தவன் நான். ஒரு தொழிலாளி எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். நாம் அதைத் திருத்திக் கொடுக்கத் தயாராக இருக்கும்வரை எழுதலாம்." கைதட்டல் வந்தது. அவர் நிறுத்துகிற இடத்தில் தட்ட வேண்டும் என்பது வேனில் வரும்போதே சொல்லப்பட்டிருந்தது.

முதல் பிரதியை வாங்கிக்கொள்ள வந்திருந்தவர் கம்பெனியின் மனிதவள மேலாளர் சந்திரலேகா. ரிப்பனை வெட்டி, பிரதியை வாங்கி, போட்டோவுக்கு நின்றுவிட்டு, அவர் பேச ஆரம்பித்தார்.

"நான் இந்த நாவலை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு பக்கம் விடாம படிச்சேன்."

மேடையில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பேரவையில் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆறாவது சாப்டர்ல மட்டும் ஒரு சின்ன குறை. ஒரு தொழிலாளிக்கு விரல் போயிடுது. படிக்கிறப்ப எனக்கே மனசு கஷ்டமா ஆயிடுச்சு. நம்ம கம்பெனியில ஒரு குறையைப் பார்த்தா என்ன செய்வோம்? உடனே சரி செய்வோம். அச்சகத்துக்குப் போய் நானே உட்கார்ந்து சரி செஞ்சேன். இப்ப அந்தத் தொழிலாளி கையுறை போட்டிருக்காரு, ரெண்டு பட்டனையும் அமுக்குறாரு, ஒரு கீறல் இல்லாம வீட்டுக்குப் போறாரு. நிஜத்துல எல்லாத்தையும் மாத்த முடியாதுங்க. புத்தகத்துல முடியுது. அதுதானே இலக்கியத்தோட சக்தி."

மாரிராஜ் தன் பிரதியைப் பிரித்தான். அணிந்துரைகளைத் தாண்டவே நேரமானது. ஆறாம் அத்தியாயத்தில் இசக்கி இருந்தான். பிரஸ் இருந்தது. வனமாமலையும் இருந்தார், சட்டைப் பையில் டேப்புக்குப் பதிலாகக் கையுறை வைத்துக்கொண்டு, "இசக்கி, பாதுகாப்பே முதல் கடமை" என்று அன்போடு சொல்லிக்கொண்டு. அந்த அன்பால் இசக்கியின் ஐந்து விரல்களும் தப்பித்திருந்தன. கடைசியில் மேலாளருக்கு இசக்கி கண்ணீர் மல்க நன்றி சொன்னான். மாரிராஜ் புத்தகத்தை மூடினான். இத்தனை நாள் ஒவ்வொன்றாக விட்டுக் கொடுத்து அவன் காப்பாற்றியது இதைத்தான். அவமானத்தில் கண் கலங்கியது. முன்வரிசையில் யாரோ அதைப் பார்த்து, நூலாசிரியர் நெகிழ்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

இதற்குள் டில்லிபாபு மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். கதையில் வருகிற இசக்கி நிஜமாகவே வந்திருக்கிறான் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். நாவலின் நாயகனுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று அறிவித்தார். பையன்கள் பிடித்துத் தள்ள, இசக்கி மேடைக்கு வந்தான். வனமாமலை நாற்காலியில் நெளிந்தார். முன்னிலை என்பதால் எழுந்து போகவும் முடியவில்லை. சந்திரலேகா இசக்கியைக் கோப்பில் மட்டும் பார்த்தவர். சிரித்த முகத்தோடு பொன்னாடையைப் போர்த்திவிட்டு, கையை நீட்டினார். இசக்கி பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்துக் கொடுத்தான். அவர் பிடித்த இடத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. கையை இழுக்கப் போனார்.

"அப்படியே இருங்க மேடம், ஒண்ணே ஒண்ணு" என்றார் போட்டோகிராபர். பிளாஷ் எரிய மறுத்தது. அந்தக் கையைப் பிடித்தபடி சந்திரலேகா நிற்க வேண்டியதாயிற்று.

நாயகன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. டில்லிபாபு மைக்கை நீட்டினார். இசக்கி அதை இடது கையில் வாங்கினான். அவனுக்கு மேடையும் புதிது, மைக்கும் புதிது. யாரையும் ஏசவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"எம் பேரு இசக்கி. சங்கரன்கோவில் பக்கம். மூணாம் நம்பர் பிரஸ். பட்டன்ல டேப் ஒட்டுனது இந்தா இருக்காவள்லா, வனமாமலை சாரு. மேடம், இந்தப் பொஸ்தவத்துல எனக்கு வெரலு மூணும் இருக்குன்னு போட்டிருக்கியளாம். எங்க வச்சிருக்கிய? குடுத்தியன்னா, ஊருக்குப் போவும்போது கொண்டு போயிருவேன்."

மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். டில்லிபாபு, நகைச்சுவை உணர்வு தொழிலாளியின் பிறவிச் சொத்து என்று ஆரம்பித்து, சொல்லி வைத்தபடி ஓரிடத்தில் நிறுத்தினார். ஒருவரும் கை தட்டவில்லை. சந்திரலேகாவுக்கு வாயில் வந்தது, அலுவலகத்தில் தினமும் யாராவது ஒருவரிடம் சொல்கிற வார்த்தைதான்.

"நீங்க அதை எழுத்துமூலமா குடுங்க. பரிசீலிக்கிறோம்."

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது நூலாசிரியர் ஏற்புரை, இரண்டு நிமிடம். மாரிராஜ் எழுந்து வந்து இசக்கியின் பக்கத்தில் நின்றான். புத்தகத்தை முன்னிலைக்காரர்களின் மேஜையில் வைத்துவிட்டு, மைக்கை வாங்கினான்.

"எழுதிக் குடுத்தாச்சு மேடம். நீங்க மாத்திட்டிய. இனிமே சொல்லுதேன்."

சொல்ல ஆரம்பித்தான். முதலில் தன் பெயர். அடுத்து ஊர். அடுத்து பிரஸ். வனமாமலையின் பெயரை அவரைப் பார்த்தபடியே சொன்னான், மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் சொன்னான். கூறியது கூறல் என்று புலவர் முனகினார். அந்த வேகத்தையும் அந்தத் தாளத்தையும் கீழே இருந்த பையன்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் எட்டு மணி நேரம் அவர்கள் கேட்பது அதைத்தான். டில்லிபாபு கண்ணைக் காட்ட, மைக் செட்காரர் ஒயரைப் பிடுங்கினார். பிரஸ் ஓடும்போது பக்கத்து ஆளிடம் தண்ணீர் கேட்டுப் பழகிய தொண்டை அது. ஒயர் பிடுங்கியதே கடைசி வரிசைக்குத் தெரியவில்லை.